தெருக்குத்து மனையும் திருட்டுப் பிள்ளையாரும்

ஜனவரி 22

இன்ஷூரன்ஸ்காரர் ஓசியில் கொடுத்த டைரி. வழக்கமாக என் மனைவி பிரமு இதில் பால் வாங்கிய விவரம் எழுதுவாள். இந்த வருஷம் நான் பிடுங்கிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. ஆவுடையப்பன், உடற்கல்வி ஆசிரியர், இன்று பகல் முதல் பாளையங்கோட்டைக்குத் தெற்கே முல்லை நகரில் இரண்டே முக்கால் சென்ட் மண்ணுக்குச் சொந்தக்காரன்.

பத்திரம் பதிந்த கையோடு மனைக்குப் போனோம். பிரமு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள். கல்யாணமான நாள் முதல் எங்களுக்கு வாடகை வீடு. எட்டு மணிக்கு மேல் மிக்ஸி போடாதே, மாடியில் வடகம் காயப்போடாதே என்று ஓனர்கள் போட்ட சட்டத்தைக் கேட்டே என் மனைவிக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. இப்போதைய ஓனர் செல்லையா, மகனுக்குக் கார்த்திகையில் கல்யாணம் வைத்திருக்கிறார். ஐப்பசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும்.

"அதுக்குள்ள கட்டிருவியளா?" என்று கேட்டாள்.

"விசில் அடிச்சாச்சு. ஓட வேண்டியதுதான்" என்றேன்.

ராத்திரி சோறு குழைந்திருந்தது. சொன்னேன். சந்தோஷத்தில் கவனிக்கவில்லையாம். இன்றைக்கு மட்டும் மன்னித்தேன்.

ஜனவரி 25

இன்ஜினியர் ஜெசிந்தா வந்தாள். ஸ்கூட்டரில் வந்து, டேப்பை இழுத்து, மனையைச் சுற்றி நடந்துவிட்டு ஒரு குண்டைப் போட்டாள்.

"சார், இது குடியிருப்பு மண்டலம். வீடு கட்டலாம், தடை இல்ல. கடை, குடோன், கல்யாண மண்டபம்னா அது வேற கத. ஆனா வீடுன்னாலும் மனை முழுக்கக் கட்ட முடியாது. முன்னால அஞ்சடி, பக்கத்துல மூணடி விடணும்."

"யாருக்கு விடணும்?"

"யாருக்கும் இல்ல சார். சும்மா விடணும்."

எனக்கு வந்ததே கோபம். காசு கொடுத்தவன் நான், மண் என்னுடையது, இதில் காற்றுக்கு ஐந்தடி தானமாம். கர்ணனே இவ்வளவு கொடுத்திருக்க மாட்டான். அரை மணி நேரம் கத்தினேன். ஜெசிந்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓட்டப் பந்தயத்துல புள்ளைக பக்கத்துக் கோட்ட மிதிச்சா என்ன செய்வீங்க சார்?" என்றாள்.

"வெளிய அனுப்பிருவேன்."

"அதேதான் சார்."

பிரமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

போகும்போது ஜெசிந்தா திரும்பி நின்று, "அப்ரூவல் கைக்கு வர்ற வரைக்கும் மனைல ஒரு கல்லுகூட வைக்காதீங்க" என்றாள். இவள் பிறப்பதற்கு முன்பே நான் மைதானத்துக்குக் கோடு போட்டவன். எனக்குப் பாடம்.

பிப்ரவரி 1

மைத்துனன் நயினார் மனையைப் பார்க்க வந்தான். வாசலில் நின்று தெருவைப் பார்த்தான், மனையைப் பார்த்தான், மறுபடியும் தெருவைப் பார்த்தான்.

"அத்தான், இது தெருக்குத்துல்லா."

அதாவது எதிரே வரும் தெரு வளையாமல் நேராக வந்து நம் வாசலில் முட்டி முடிகிறது. அப்படிப்பட்ட இடம் ஆளைக் குடியிருக்க விடாது என்பது இந்த ஊர்க்காரர்கள் தாய்ப்பாலோடு படித்த பாடம். பிரமுவின் முகம் செத்துவிட்டது. "நமக்குன்னு ஒரு வாசல் அமையாதோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

புரோக்கருக்குப் போன் போட்டேன். "காத்து நேரா வரும்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்கிறான்.

பிப்ரவரி 4

தெருக்குத்துக்குப் பரிகாரம் பிள்ளையார். தெரு முட்டுகிற இடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டால் வருகிற குத்தை அவர் வாங்கிக்கொள்வார். நயினார் சிலை செதுக்குகிற மயிலாடிக்குப் போய்க் கருங்கல்லில் ஒரு சாண் உயரத்துக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கச்சிதமானவர். கையில் கொழுக்கட்டை, முகத்தில் சிரிப்பு.

"மனைல கல்லு வைக்கக் கூடாதுன்னு இன்ஜினியரம்மா சொன்னாவளே" என்று பிரமு இழுத்தாள்.

"கல்லுதான் வைக்கக் கூடாது. இவரு பிள்ளையாரு" என்றேன்.

சும்மா விடச் சொன்ன ஐந்தடியில், சும்மா இருக்கிற ஒருவரை உட்கார வைத்துவிட்டேன். எப்படி யோசனை? பிரமு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 9

யாரோ அறுகம்புல் மாலை போட்டிருக்கிறார்கள். நல்ல தெரு.

பிப்ரவரி 16

பிள்ளையாருக்குத் தகரக் கூரையும் கம்பிக் கதவும் வந்திருக்கின்றன. போட்டவர் தெருச் சங்கத் தலைவர் துரைச்சிங்கம். ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். "நம்ம பிள்ளையாரு வெயில்ல காயுதாரே, பொறுக்கல சார்" என்றார். நம்ம பிள்ளையார் என்றது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கூரை ஓசி.

பிப்ரவரி 25

கடைசி வீட்டில் வற்றிக் கிடந்த போர்வெல்லில் தண்ணீர் வந்துவிட்டது. துரைச்சிங்கத்துக்கு மூட்டுவலி போய்விட்டது. இரண்டும் என் பிள்ளையார் செய்தது என்று தெருவே பேசுகிறது. ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். கணக்கு வாத்தியார் விபூதி கேட்டார். பெருமையாக இருக்கிறது, ஒளிப்பானேன்.

மார்ச் 6

சங்கடகர சதுர்த்தி. மனைக்குப் போனால் எனக்கே இடம் இல்லை. மைக் செட், சுண்டல், மணி, உண்டியல். "அருள்மிகு தெருக்குத்து விநாயகர் திருக்கோயில்" என்று போர்டு. துரைச்சிங்கம் வாயில் விசிலோடு நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, படில நிக்காதீங்க" என்று வரிசை விட்டுக்கொண்டிருந்தார்.

அளவெடுக்க வந்த ஜெசிந்தா ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. "சார், இது என்ன?" என்றாள். சுண்டல் கொடுத்தேன். "அப்ளிகேஷன் போன வாரம்தான் குடுத்திருக்கு. எந்நேரமும் பாக்க வருவாங்க" என்றாள். சுண்டலைச் சாப்பிடவில்லை.

மார்ச் 12

நகரமைப்பு ஆய்வாளர் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றினார், குட்டிக்கொண்டார், தோப்புக்கரணம் போட்டார், விபூதி பூசினார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். பிறகு பேனாவை எடுத்தார்.

"வீடு கட்டத்தான சார் விண்ணப்பம் போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"ஆனா இடத்துல கோயில் இருக்கே."

"அது என் பிள்ளையார் சார். நான் வச்சது."

"போர்டுல திருக்கோயில்னு இருக்கு. உண்டியல் இருக்கு. கூட்டம் வருது. வழிபாட்டுத் தலம்னுதான் நான் எழுத முடியும். அதுக்குக் கலெக்டர் அனுமதி தனியா வேணும். இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணிட்டுச் சொல்லுங்க, மறுபடி வாரேன்."

அப்ரூவல் இல்லாமல் பேங்க் லோன் வராது. லோன் வராமல் வீடு வராது. ஐப்பசி மட்டும் தானாக வந்துவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். எனக்குப் பிள்ளையார் பிடிக்கப் பிள்ளையாராகவே முடிந்திருக்கிறது, அதுதான் சிக்கல்.

மார்ச் 14

பிள்ளையாரை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று துரைச்சிங்கத்திடம் நைச்சியமாகப் பேசிப் பார்த்தேன்.

"சார், வண்டிய ஷெட்டுல இருந்து எடுத்தது நீங்கதான். இல்லங்கல. ஆனா பஸ்ஸு ஸ்டாண்டுக்கு வந்துட்டா அது ஜனங்க வண்டி. டிரைவரு நெனச்சாலும் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது."

"மனை என்னுதுங்க."

"தெய்வம் பொதுல்லா."

பக்கத்தில் இருந்த நாலு பேர் தலையை ஆட்டினார்கள். எடுக்கப்போனால் தெருவே குறுக்கே படுக்கும் என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் சோறு குழைவு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பிரமு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜலதோஷமாக இருக்கும்.

மார்ச் 18

வழி கிடைத்துவிட்டது. திருடிக்கொண்டுபோய் வைக்கிற பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. காசு கொடுத்து வாங்கினவர் அடுத்த படிதான். பக்கத்துக் குடியிருப்பான ரோஸ்லின் கார்டனிலும் ஒரு தெருக்குத்து இருக்கிறது, பிள்ளையார் இல்லை. அவர்கள் சங்கத்துப் பேச்சியப்பனைப் பால் பூத்தில் பிடித்தேன். எங்கள் பிள்ளையார் போர்வெல்லில் தண்ணீர் வரவழைத்ததைச் சொன்னேன். கம்பிக் கதவில் பூட்டு சும்மாதான் தொங்குகிறது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "அப்படியா அண்ணாச்சி" என்று கண்ணை விரித்தான்.

பிரமுவிடம் திட்டத்தை விளக்கினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"என்ன கனம் இருப்பாரு?"

"எங்க ஸ்கூல் குண்டெறி குண்டு ரெண்டு சேந்த கனம்."

"அப்பத் தூக்கிரலாம்" என்றாள்.

"ஆமா, அவனுக நாலு பேரு வருவானுகள்லா" என்றேன்.

மார்ச் 24

இன்னும் திருடவில்லை. பேச்சியப்பன் குடும்பத்தோடு வந்து தேங்காய் உடைத்துவிட்டுப் போனானாம். ஒரு சாமியைத் திருடக்கூட நாதியற்ற ஊர்.

மார்ச் 29

இரண்டு நாள் கோவில்பட்டியில் விளையாட்டுப் போட்டி. காலையில் பஸ் இறங்கி நேராக மனைக்கு வந்தேன். பிள்ளையார் இல்லை. கம்பிக் கதவு திறந்து கிடக்கிறது. பீடத்தில் காய்ந்த அறுகம்புல் மட்டும். சுற்றி முல்லை நகர் முழுக்க நிற்கிறது. துரைச்சிங்கம் நிஜமாகவே அழுதார். விசில் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

நானும் அழவேண்டுமே என்று கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் மூளை, என் திட்டம், என் பேச்சியப்பன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். சப்-இன்ஸ்பெக்டர் எழுதப்போய், பேனாவை மூடினார். "பிள்ளையாரா? போன எடத்துல நல்லாத்தான்யா இருப்பாரு" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் பிரமு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். போர்வை துவைத்தாளாம். வாசலில் ஜெசிந்தாவின் ஸ்கூட்டர், பின் சக்கரத்தில் காற்றில்லாமல் நிற்கிறது. நல்ல செய்தியைச் சொன்னேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "அப்படியா" என்றார்கள். பெண்களுக்கு ராஜதந்திரம் புரியாது.

ஏப்ரல் 5

ரோஸ்லின் கார்டனில் பிள்ளையார் உட்கார்ந்துவிட்டார். முல்லை நகர் திரண்டு போனது. நானும் நியாயம் கேட்கிறவன் மாதிரி முன்னால் நின்றேன்.

"எங்க பிள்ளையாரத் தூக்கிட்டு வந்தீரா வே?" என்று துரைச்சிங்கம் கேட்டார்.

பேச்சியப்பன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவரு எங்க இருக்கணும்னு அவருல்லா முடிவு பண்ணணும்" என்று சிரித்துக்கொண்டே விபூதித் தட்டை நீட்டினான். அவன் பக்கத்து ஆட்களுக்கு முகத்தில் அவ்வளவு பெருமை. திருட்டுப் பிள்ளையார் என்று ஏற்கெனவே பக்கத்து ஊர் வரை பேச்சாம், கூட்டம் நெரிகிறது.

"எங்காளு கைல கொழுக்கட்டை இருந்துச்சு. இங்க லட்டுல்லா இருக்கு" என்றார் துரைச்சிங்கம்.

"ஊரு மாறினா சாப்பாடு மாறாதா அண்ணாச்சி?"

உருவமும் ஒரு சாண் கூடுதலாகத்தான் தெரிந்தது. திருட்டினால் சக்தி ஏறும்போது கொஞ்சம் உயரமும் ஏறும்போல.

ஏப்ரல் 20

ஆய்வாளர் மறுபடி வந்தார். கூரை, போர்டு, உண்டியல் எல்லாவற்றையும் துரைச்சிங்கமே கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். வெறும் மண். "இப்ப சரி" என்றார். கிளம்பும்போது பிள்ளையார் இருந்த இடத்தைப் பார்த்துக் குட்டிக்கொண்டார்.

மே 8

அப்ரூவல் வந்துவிட்டது. லோனும் வரும். முன்னால் ஐந்தடி, பக்கத்தில் மூன்றடி, கோடு போட்ட மாதிரி விட்டிருக்கிறோம்.

பிளானில் ஒரு குறை. ஹாலின் ஒரு சுவரில் ஓரடிக்கு ஒரு மாடம், அதற்கு நேர் எதிரே தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். எதற்கு என்றேன். "விளக்கு வைக்க" என்றாள் பிரமு. "காத்துக்கு" என்றாள் ஜெசிந்தா. இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதால் விட்டுவிட்டேன்.

ஜூலை 3

ரூஃப் கான்கிரீட் போட்டாயிற்று.

பிரமுவின் போக்கு சரியில்லை. குளிக்காமல் அரிசி டிரம்மைத் தொடமாட்டேன் என்கிறாள். படி போட்டு அரிசி எடுத்ததும் டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். எலி ஓடுகிறதே, டிரம்மை நகர்த்திப் பார்ப்போம் என்றால், "அதுல கைய வைக்காதிய" என்று பாய்கிறாள். வயதாக ஆகப் பக்தி முற்றுகிறது. டிரம் மட்டும் எப்போதும் நிறைந்தாற்போலவே இருக்கிறது. சிக்கனக்காரி.

செப்டம்பர் 14

விநாயகர் சதுர்த்தி. முல்லை நகரில் பூஜை இல்லை. எல்லோரும் ரோஸ்லின் கார்டனுக்குப் போனார்கள். துரைச்சிங்கம் போகவில்லை. அவர் வீட்டைத் தாண்டும்போது மூட்டுக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தார். "நம்ம வண்டிய அடுத்தவன் ஓட்டுததப் பாக்க முடியல சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. திட்டம் போட்டவன் நான்தானே.

வீட்டுக்கு வந்தால் பிரமு கொழுக்கட்டைத் தட்டை அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். எறும்பு வரும் என்று திட்டினேன்.

அக்டோபர் 28

பூச்சு பாதிதான் முடிந்திருக்கிறது. பெயின்ட் இல்லை. இருந்தாலும் நாளை பால் காய்ச்சுகிறோம். செல்லையாவிடம் சாவியைத் தேதிக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவேன். பிரமு பழைய வீட்டு அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இனும யாரும் எங்கிட்ட மிக்ஸி போடாதன்னு சொல்ல முடியாதுல்லா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். சளி.

அக்டோபர் 29

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புது வீட்டுக்குள் முதலில் அரிசி, உப்பு, மஞ்சள் போகவேண்டும் என்பது வழக்கம். ஒரு மரக்கால் அரிசி போதாதா? டிரம்மோடு வரவேண்டும் என்று பிரமு ஒற்றைக்காலில் நின்றாள். ஆட்டோவில் ஏற்றி வந்து, நானே தூக்கிக்கொண்டு வாசல்படி ஏறினேன். இருபத்தைந்து வருஷமாகப் பையன்களுக்கு எடை தூக்கச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டிரம் சாய்ந்து மூடி உருண்டது. ஒரு படி அரிசி தரையில் கொட்டியது. அரிசிக்குள்ளிருந்து ஒரு தும்பிக்கை எட்டிப் பார்த்தது.

கையை விட்டுத் துழாவினேன். கையில் கொழுக்கட்டை. மயிலாடிக் கருங்கல். அதே சிரிப்பு.

பிரமுவைப் பார்த்தேன். அவள் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் துரைச்சிங்கம் வந்துவிட்டார். "என்ன சார், கனமோ? ஒரு கை குடுக்கட்டா?"

கொட்டின அரிசியை இரண்டு கையாலும் அள்ளித் தும்பிக்கை மேல் போட்டு மூடினேன். "பழைய அரிசி. கனமாத்தான் இருக்கும்" என்றேன். நாற்பத்தெட்டு வயதில் நான் சொன்னதிலேயே வேகமான பொய்.

பால் பொங்கி, எல்லோரும் மொட்டைமாடியில் இலையில் உட்கார்ந்த பிறகு அடுப்படிக்குள் பிரமுவைப் பிடித்தேன்.

"பேச்சியப்பன் வச்சிருக்கது?"

"அது கடைல வாங்கினது. திருட்டுன்னு நீங்க எல்லாரும் போயி நின்னதும் அவிய ஏன் இல்லங்கப்போறாவ?"

"நம்ம பிள்ளையார நாமளே எடுத்தா அது எப்படித் திருட்டாகும்? சக்தி எப்படி வரும்?"

"ஒங்ககிட்டக் கேக்காமத்தான எடுத்தேன்? திருட்டுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஸ்டாஃப் ரூம்ல போயிச் சொல்லுவிய."

சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து மெதுவாக, "வீட்டுக்குள்ள இருந்தா அது பூஜை மாடம் சார். எந்த ரூலும் இடிக்காது. போர்டு மட்டும் வைக்காதீங்க" என்றாள். மாடத்தில் வைத்துப் பார்த்தோம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தெரு நேராக வந்து அவர் முகத்தில் முட்டுகிறது. அவர் பாட்டுக்கு வாங்கிக்கொள்கிறார். ஒரு சிவப்புத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டாள் பிரமு.

துரைச்சிங்கம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்றார். "உள்ள யாரு சார்?" என்றார். "குடும்ப சாமி" என்றேன். கும்பிட்டார், குட்டிக்கொண்டார், சரசரவென்று பத்துத் தோப்புக்கரணம் போட்டார். பிறகுதான் நின்று, முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "வலிக்கலயே" என்று திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரமுவைப் பார்த்தார். நான் திரையின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் பாக்கல சார்" என்றார். விசிலைக் கழற்றித் திரை ஓரத்து ஆணியில் மாட்டினார். "தெனமும் காலைல ஒருநடை வந்துட்டுப் போவேன். டிக்கெட் கேக்கக் கூடாது."

எல்லோரும் போனபின் எனக்கு இலை போட்டாள். மார்ச் முதல் நேற்றுவரை வாடகை வீட்டில் நான் தின்ற சோறு முழுக்க அவர் உட்கார்ந்திருந்த அரிசி. எத்தனை நாள் தட்டைத் தள்ளியிருக்கிறேன். அவளும் அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்றைக்கும் சோறு குழைந்துதான் இருந்தது. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.